ஆசையா, சம்பளமா? நைஜீரியாவிலிருந்து வந்த கேள்விகள்

இந்த இதழ்ல முழுக்க நைஜீரியாதான். லாகோஸ், ஒட்டா, இபாதான், போர்ட் ஹார்கோர்ட்னு அங்கங்க வேலை பாக்குற நம்ம வாசகர்கள், கூட வேலை செய்ற பசங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு, கிளாஸ்ல படிக்கிற பையன்னு அந்த ஊர் இளசுகளுக்காக கேட்டு அனுப்பின கேள்விங்க இது, சிலது அந்தப் பசங்களே தமிழ் நண்பர்கள் மூலமா கேட்டது. லாகோஸ்ல ஆள் எடுக்குற வேலையில ரொம்ப நாளா இருக்கேன்கிறதால ஆசிரியர் எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டார். பேர் போடல, கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் இபாதான்ல ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். என் ஸ்டூடன்ட் ஒருத்தன் ஜேம்ப்ங்கிற யூனிவர்சிட்டி நுழைவுத் தேர்வுல 231 எடுத்திருக்கான். அப்பா மெடிசின்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார், அவனுக்கு அனிமேஷன் மேலதான் உயிர், ஃபோன்லயே வரைஞ்சு குட்டி குட்டி வீடியோ போடுறான். அப்பாகிட்ட நான் பேசணுமாம். என்ன பேசட்டும்?

பதில்: ஆசையப் பத்தி அப்புறம் பேசலாம்மா, முதல்ல மார்க்கப் பத்தி பேசுங்க. ஜேம்ப் மொத்தம் 400, அதுல 231ங்கிறது கெட்ட மார்க் இல்ல, எத்தனையோ கோர்ஸுக்கு போதும், ஆனா இபாதான் மாதிரி ஒரு ஃபெடரல் யூனிவர்சிட்டில எம்பிபிஎஸ் சீட்டுக்கு இத வச்சுக்கிட்டு போய் நின்னா கிடைக்கிறது ரொம்ப ரொம்ப கஷ்டம், அது உங்களுக்கே தெரியும், அப்பாவுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாங்க. அங்க வழக்கமா என்ன நடக்குதுன்னா, மெடிசின் கேட்டவனுக்கு அது கிடைக்கலன்னா மைக்ரோபயாலஜி, ஜூவாலஜின்னு வேற ஏதோ ஒண்ணு வரும், இல்லன்னா பையன் வீட்ல உக்காந்து அடுத்த வருஷமும் அதுக்கடுத்த வருஷமும் ஜேம்ப் எழுதிட்டே இருப்பான். அதனால அப்பா முன்னாடி இருக்குறது டாக்டரா அனிமேட்டராங்கிற கேள்வியே இல்ல, அந்த வீட்ல ஒருத்தருமே கேக்காத ஒரு கோர்ஸா இல்ல பையன் கேக்குற கோர்ஸாங்கிற கேள்விதான். இப்படி வச்சுப் பாத்தா நிறைய அப்பாக்கள் கொஞ்சம் இறங்கி வர்றாங்க.

ஆனா பையன்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும். மெடிசினுக்குன்னு இங்கிலீஷோட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜிதான எழுதியிருப்பான், ஃபைன் ஆர்ட்ஸ் போகணும்னா பாடத்தோட சேர்க்கையே வேற, கம்ப்யூட்டர் சயின்ஸ்னா மேத்ஸ் வேணும். ஜேம்ப்ல கோர்ஸ் மாத்திக்க வழி இருக்குதான், ஆனா எழுதின பாடம் பொருந்தலன்னா மாத்தியும் பிரயோஜனம் இல்ல, ஜேம்ப் பிரவுஷர எடுத்து வச்சு ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. பொருந்தலன்னா இந்த வருஷத்த விட்டுட்டு அடுத்த தடவ சரியான பாடத்தோட எழுதுறதுதான் வழி, இந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அந்த நடு வருஷத்துல அவன் ஏதாவது ஒரு ஸ்டூடியோவுல கூடமாட இருந்து வேலை கத்துக்கட்டும். லாகோஸ் ஊரையே கதைக்களமா வச்ச அனிமேஷன் தொடர் 2024ல டிஸ்னி பிளஸ்ல வந்துச்சு, அதக் காட்டுனா அப்பாவுக்கு இது ஃபோன்ல விளையாடுற விளையாட்டு இல்லன்னாவது புரியும். படிக்க யாபா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி, ஆவ்ச்சி பாலிடெக்னிக் ரெண்டுமே ஆர்ட்டுக்குப் பேர் போனது, ஆனா பாலிடெக்னிக்ல தர்ற எச்என்டி டிப்ளமோவ பிஎஸ்சிக்கு ஒரு படி கீழ வச்சுப் பாக்குற பழக்கம் வேலை கொடுக்குறவங்ககிட்ட இன்னும் போகல, அதையும் தெரிஞ்சுகிட்டே போகட்டும்.

இன்னொண்ணு. பையன் கண்டிப்பா அந்த ஊர் பெரிய பாட்டுக்காரர் ஃபெலா குட்டியோட கதைய எடுத்துட்டு வருவான், 1958ல மெடிசின் படின்னு லண்டன் அனுப்புனா அங்க போய் டிரினிட்டி மியூசிக் காலேஜ்ல சேந்துட்டாருன்னு. உண்மைதான். ஆனா அது பிள்ளைய லண்டன் அனுப்ப முடிஞ்ச வீடு, அண்ணன் தம்பி ரெண்டு பேர் டாக்டராவும் ஆனாங்க. ஸ்கூல் ஃபீஸுக்கே தவணை சொல்ற அப்பாகிட்ட ஃபெலாவ உதாரணம் காட்டாதீங்க, கோவம்தான் வரும், அந்தக் கோவத்துல நியாயமும் இருக்கு.

கேள்வி: நான் லாகோஸ் யூனிவர்சிட்டில அக்கவுன்டிங் முடிச்சிட்டு இப்ப என்ஒய்எஸ்சி பண்றேன், டிகிரி முடிச்சவங்க கவர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் பண்ற சர்வீஸ். அபியா ஸ்டேட்ல போட்டுட்டாங்க, அபா டவுன்ல ஒரு செகண்டரி ஸ்கூல்ல பாடம் எடுக்கிறேன். எனக்கு லெதர் பேக், ஷூ டிசைன் பண்றதுதான் ஆசை, அதுக்கு லாகோஸ்ல இருந்தாத்தான் ஆகும், அங்க மாத்திவிட ரீடெப்ளாய்மென்ட் வாங்கித் தரேன்னு ஒருத்தர் காசு கேக்குறார். கொடுக்கலாமா? (தமிழ்த் தோழி மூலம்)

பதில்: அம்மாடி, நீ எங்க இருக்கன்னு உனக்கே தெரியலயே! ஷூவும் பேக்கும் கத்துக்கணும்னு ஆசைப்படுற பொண்ண கவர்மென்ட்டே டிக்கெட் போட்டு அபாவுக்கு அனுப்பி வச்சிருக்கு, நீ காசு கொடுத்து அங்கருந்து தப்பிக்கப் பாக்குற. அரியாரியா மார்க்கெட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய் ஷூ செய்ற வரிசைப் பக்கமா நடந்து பாரு, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க போற செருப்பும் பேக்கும் அங்க தைக்கிறதுதான், ஒரு காலத்துல விக்கணும்கிறதுக்காக 'மேட் இன் இத்தாலி'ன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டு இருந்தாங்க. லாகோஸ்ல போய் நீ கத்துக்கப் போற ஆள்கூட லெதருக்கும் சோலுக்கும் அபாவுலதான் யாரையாவது பிடிச்சு வச்சிருப்பார்.

முதல்ல அந்தக் காசு கேக்குற ஆள் நம்பர பிளாக் பண்ணு. இடமாற்றம் கொடுக்குறது உடம்பு சரியில்ல, கல்யாணம் ஆயிடுச்சு, பாதுகாப்பு இல்லங்கிற மாதிரி காரணத்துக்குத்தான், பொய் மெடிக்கல் ரிப்போர்ட் கொடுத்து மாட்டுனா உன் சர்டிஃபிகேட்டுக்கே ஆபத்து, அந்த டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் இல்லாம அந்த ஊர்ல எந்த ஒழுங்கான கம்பெனியும் உன்ன உள்ள விடாது. ஸ்கூல் பிரின்சிபாலோட பேசி வச்சுகிட்டு வருஷம் பூரா தலையே காட்டாம இருக்குற 'கோஸ்டிங்' வேலையும் வேணாம், அது எத்தனை பேர் பண்றாங்கன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் வேணாம்.

இந்த ஒரு வருஷம் எப்பேர்ப்பட்டதுன்னு உன்ன மாதிரி என்ஒய்எஸ்சி பண்ற கார்ப்பர்கள் நிறைய பேருக்கு முடிஞ்சப்புறம்தான் தெரியுது. சிவில் வார் முடிஞ்சு மூணு வருஷத்துல, 1973ல, பிரிஞ்சு கிடந்த ஜனங்கள ஒண்ணா சேக்கணும்னு ஆரம்பிச்ச திட்டம் அது, அந்த நோக்கம் எவ்வளவு நிறைவேறுச்சுங்கிறத விடு, உனக்கு இதுல இருக்குற லாபம் என்னன்னா ஒரு வருஷத்துக்கு 'என்ன பண்ற, எப்ப வேலை கிடைக்கும்'னு வீட்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. படிச்சு முடிச்சப்புறம் மாசா மாசம் காசும் வந்து, யார் பேச்சும் கேக்காம இருக்குற காலம் உன் வாழ்க்கையில இனிமே வராது. மாசா மாசம் கவர்மென்ட் தர்ற அலாவியும் 2025ல 33,000 நைராவுலருந்து 77,000 ஆயிடுச்சு, விலைவாசிக்கு அது பத்தாதுங்கிறது வேற கதை, ஆனா அபாவுல லாகோஸ் அளவுக்கு வாடகை கிடையாது. ஸ்கூல் மதியத்துல முடியும், சிடிஎஸ்ங்கிற ஊர்ச் சேவை வாரத்துல ஒரு நாள், மிச்ச நேரம் உன்னோடது.

எப்படி உள்ள நுழையறதுங்கிறதுதான் பாக்கணும். சும்மா போய் 'தொழில் கத்துக் கொடுங்க'ன்னு நின்னா கார்ப்பர் பொண்ணு நாலு நாள் வருவா போயிடுவான்னு விரட்டிடுவாங்க. உன்கிட்ட அவங்ககிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு, கணக்கு. அங்க பத்துல எட்டு கடையில ஒரு ஜோடி ஷூவுக்கு லெதர், பசை, சோல், கரன்ட், கூலி எல்லாம் சேத்து என்ன செலவாகுதுன்னு கேட்டா மனக்கணக்குதான் சொல்வாங்க, கடனுக்கு எடுத்துட்டுப் போன வியாபாரி யாரு எவ்வளவு பாக்கின்னு ஒரு கிழிஞ்ச நோட்டுல இருக்கும். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் உங்க கணக்க எழுதித் தரேன், எனக்கு பேட்டர்ன் வெட்டக் கத்துக் கொடுங்கன்னு கேளு. இது நடக்கும். தொழிலும் கத்துக்குவ, அது எங்க லாபம் பண்ணுது எங்க ஓட்டை விழுதுன்னும் பாத்துடுவ, டிசைன் படிச்ச எத்தனையோ பேருக்கு இந்த ரெண்டாவது பாதி தெரியாமத்தான் கடைய மூடுறாங்க. 2024 பிப்ரவரியில அபாவுக்குன்னே தனியா ஒரு பவர் பிளான்ட் திறந்திருக்காங்க, ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஊத்துற கடைக்கும் அந்த லைன்ல கரன்ட் வாங்குற கடைக்கும் செலவு எவ்வளவு மாறுதுன்னு உன் நோட்டுலயே தெரிஞ்சிடும், அத வச்சுத்தான் பின்னாடி நீ கடை எங்க போடுறதுன்னு முடிவு பண்ணணும். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆகுற ஐகேன் பரீட்சைக்கு பேர் கொடுத்து வச்சிருந்தா அதையும் விட்டுடாத, ஒரு பேப்பராவது எழுதிடு.

கேள்வி: லாகோஸ்ல ஒரு பேங்க்ல கான்ட்ராக்ட் ஸ்டாஃப், வயசு 27. டெபாசிட் பிடிச்சிட்டு வான்னு டார்கெட் கொடுத்தே சாகடிக்கிறாங்க. காமெடி ஸ்கிட் போடுறேன், 40,000 ஃபாலோயர்ஸ் இருக்காங்க. டிசம்பர்ல ரிசைன் பண்ணிட்டு முழு நேரமா இதுல இறங்கப் போறேன். சரிதானே? (தமிழ் நண்பர் மூலம்)

பதில்: தம்பி, உன் வீட்டு வாடகை எந்த மாசம் கட்டணும்?

லாகோஸ்ல வாடகை மாசா மாசம் இல்ல, முழு வருஷத்துக்கும் ஒரே அடியா, புது வீடுன்னா அதுக்கு மேல ஏஜென்ட் ஃபீஸ், அக்ரிமென்ட் ஃபீஸ், காஷன் டெபாசிட்னு ஒரு கத்தை. ரிசைன் பண்ற தேதிய முடிவு பண்ண வேண்டியது உன் மேனேஜரோட முகம் இல்ல, அந்த வாடகைத் தேதிதான். மார்ச்ல வாடகை வருதுன்னா டிசம்பர்ல வேலைய விட்டா மூணே மாசத்துல நடுத்தெருவுல நிப்ப, மார்ச்ல கட்டிட்டு ஏப்ரல்ல விட்டா தலைக்கு மேல கூரையோட முழுசா பதினொரு மாசம் இருக்கும். ஆசைய நம்பி வேலைய விட்டுட்டு திரும்ப என் டேபிளுக்கு ரெஸ்யூமேவோட வர்ற பசங்ககிட்ட திறமை குறைச்சலா இருந்து நான் பாத்ததில்ல, இந்தத் தேதிக் கணக்குலதான் பாதி பேர் விழுந்திருக்காங்க.

ரெண்டாவது, ஃபாலோயர் கணக்க எனக்குச் சொல்லாத, போன ஆறு மாசத்துல இதுலருந்து கைக்கு வந்த காச சொல்லு. நீள வீடியோவுக்கு யூடியூப் விளம்பரக் காசு கொடுக்க 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் பாத்திருக்கறதும் வேணும், அதத் தாண்டினாலும் பாக்குறவங்க எல்லாம் நைஜீரியாக்குள்ள இருந்தா விளம்பர ரேட்டு கம்மிதான், லண்டன், ஹூஸ்டன்ல இருக்குற நைஜீரியாக்காரங்க பாத்தா வேற மாதிரி. அங்க ஸ்கிட் போடுறவங்க நிறைய பேருக்கு சோறு போடுறது வியூஸ் இல்ல, நடுவுல வர்ற கடை விளம்பரம், ஆப் விளம்பரம்தான். அந்த மாதிரி எத்தனை பேர் உன்ன தேடி வந்து காசு கொடுத்தாங்க? நீ தேடிப் போய் கேட்டது எத்தனை? ஆறு மாசம் தொடர்ச்சியா உன் பேங்க் சம்பளத்துல பாதியாவது இதுலருந்து வந்திருந்தா நான் உன் பக்கம். ஒரு மாசம் கொட்டி அஞ்சு மாசம் வறண்டிருந்தா இன்னும் இல்ல.

வீட்டுக்கு அனுப்புற காசு எவ்வளவு? அதையும் நீ எழுதல. வேலைக்குப் போன முதல் பிள்ளைன்னா தங்கச்சி ஃபீஸ், அம்மா மாத்திரை, மாமா பையனுக்கு ஜேம்ப் ஃபார்ம்னு எல்லாம் உன் அக்கவுன்ட்லதான் முடியும், அங்க பசங்க அத பிளாக் டாக்ஸ்னு சொல்லி சிரிச்சுக்குவாங்க, ஆனா யாரும் கட்டாம இருக்கறதில்ல. வேலைய விடுறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து இனிமே இவ்வளவுதான் முடியும்னு ஒரு தொகைய வாயால சொல்லிடு. சொல்லாம விட்டா முதல் மாசமே சேமிப்பு அங்க போயிடும். ஆஃபீஸ்ல அஜோ சீட்டு போட்டிருந்தா உன் கை வர்ற வரைக்கும் இருந்து எடுத்துட்டு வா, அதையும் பாதியில விட்டுட்டுப் போனா கூட வேலை பாத்தவங்க உன்ன சும்மா விட மாட்டாங்க.

இதெல்லாம் சேத்துப் பாத்தா ஒருவேளை உனக்கு வேண்டியது ரிசிக்னேஷனே இல்லாம இருக்கலாம். இக்கொரொடுவுலருந்து விக்டோரியா ஐலண்ட் போறவன் காலைல நாலரைக்கு கிளம்பி ராத்திரி ஒம்போதுக்கு வீடு வர்றான், அவனுக்கு ஸ்கிட் எழுத மண்டையில என்ன மிச்சம் இருக்கும். சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் வீட்டுக்குப் பக்கத்துல, டார்கெட் இல்லாத ஒரு பேக் ஆஃபீஸ் வேலை தேடு, தினம் நாலு மணி நேரம் கையில வரும். அந்த நாலு மணி நேரம் வச்சும் வாரத்துக்கு ரெண்டு ஸ்கிட் வரலன்னா முழு நேரம் கிடைச்சாலும் வராது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: எல்லாரும் டெக் கத்துக்கோ டெக் கத்துக்கோங்கிறாங்க. எங்க ஆஃபீஸ் ரிசப்ஷனிஸ்ட் பொண்ணு கோடிங் கோர்ஸ் சேந்து மூணு மாசமா அழுதுட்டு இருக்கு. விட்டுடச் சொல்லலாமா?

பதில்: தாராளமா. லாகோஸ்ல ரெண்டு பசங்க 2015ல ஆரம்பிச்ச பேஸ்டாக்ங்கிற ஆன்லைன் பேமென்ட் கம்பெனிய 2020ல அமெரிக்க கம்பெனி 20 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கினதுலருந்து அந்த ஊர்ல அம்மா அப்பாக்களுக்கு மெடிசின், லா, இன்ஜினியரிங் வரிசையில டெக்கும் சேந்துடுச்சு, அவ்வளவுதான், பழைய கட்டாயத்துக்குப் புது பேரு. அதுக்கப்புறம் நைராவும் விழுந்துச்சு, 2023 நடுவுல டாலருக்கு 460 பக்கம் இருந்தது மறு வருஷம் 1,500ஐத் தாண்டுச்சு, டாலர்ல சம்பாதிக்கிறவன் மட்டும்தான் பொழைப்பாங்கிற பயத்துல எல்லாரும் லேப்டாப்ப தூக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு ரிசப்ஷன்ல நல்லா பேசுதுன்னா கஸ்டமர் சப்போர்ட், சேல்ஸ்னு அதே டெக் கம்பெனிகள்லயே கோட் எழுதாத வேலை இருக்கு. கவர்மென்ட் நடத்துற த்ரீஎம்டிடி டெக் பயிற்சியில டிசைன், ப்ராடக்ட் மேனேஜ்மென்ட்னு எல்லாம் இருக்கு, எல்லாமே கோடிங் இல்ல. கையால வேலை செய்யப் பிடிச்ச பசங்களா இருந்தா நான் சோலார் இன்ஸ்டாலேஷன் பக்கம்தான் தள்ளுவேன், 2023 மே 29ல பெட்ரோல் மானியம் போயிடும்னு புது பிரசிடென்ட் முதல் நாளே சொல்லி, லிட்டர் 200 நைராவுக்குள்ள இருந்தது ஒரே வாரத்துல 500 பக்கம் போச்சே, அன்னைலருந்து ஜெனரேட்டர் வச்சிருக்கிற வீடெல்லாம் பேனல் போட ஆள் தேடுது.

கேள்வி: மேடம், எங்க கம்பெனி டிரைவர் இக்போ இனத்துக்காரர். அவர் பையன் வயசு 17, இன்ஜினியர் ஆகணும்னு கனவு, காலேஜ் அனுப்ப வசதி இல்ல. லாகோஸ் அலாபா எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல சொந்தக்காரர் ஒருத்தர் கடைக்கு அனுப்பு, ஆறு வருஷத்துல செட்டில் பண்றேங்கிறார். கொத்தடிமை மாதிரி இருக்கேன்னு எனக்குப் பதறுது.

பதில்: பதறாதீங்க சார், கண்ண மட்டும் திறந்து வச்சுக்கோங்க. சிவில் வார் முடிஞ்சப்ப பேங்க்ல எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான்னு சொல்லி அதுல தோத்துப் போன இக்போ ஜனங்க கைய வெறுங்கையா ஆக்கினாங்க, அங்கருந்து அவங்க மேல வந்ததுல இந்த முறைக்குப் பெரிய பங்கு இருக்கு. பையன் ஓகாகிட்ட, அதாவது முதலாளிகிட்ட, அஞ்சாறு வருஷம் சம்பளம் இல்லாம வேலை பாப்பான், சாப்பாடு, தங்குற இடம் ஓகா பொறுப்பு, முடிவுல கடை போட பணமோ சரக்கோ கொடுத்து அனுப்பணும். இன்னோசன் கார் கம்பெனி ஆரம்பிச்ச இன்னோசென்ட் சுக்வுமா இன்ஜினியரிங் சீட் கிடைக்காமத்தான் நெவீங்கிற ஊர்ல மோட்டார்சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இப்படி நின்னாரு, கடைசில கார் ஃபேக்டரியே கட்டுனாரு. எல்லாரும் அவர் ஆக மாட்டாங்க, ஆனா இன்ஜினியர் கனவு கடை வழியா போக வாய்ப்பே இல்லன்னு சொல்லவும் முடியாது.

பிரச்சினை கடைசி வருஷத்துலதான். செட்டில்மென்ட் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் திருடிட்டான்னு பழி போட்டு வெறுங்கையோட விரட்டின ஓகாக்கள் கதை அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால சொந்தக்காரர்தானேன்னு விடாம எத்தனை வருஷம், முடிவுல என்ன, நடுவுல உடம்பு சரியில்லாம போனா என்னன்னு எழுதி, சொந்த ஊர் பெரியவங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோட வாங்கச் சொல்லுங்க. மொதல்ல ஸ்கூல் ஃபைனல் பரீட்சையான வேயெக் முடிச்சிருக்கானா பாருங்க. முடிக்கலன்னா முடிச்சிட்டுப் போகட்டும், இங்கிலீஷ் மேத்ஸோட அஞ்சு பாடத்துல கிரெடிட்ங்கிற நல்ல பாஸ் கையில இருந்தா பின்னாடி நேஷனல் ஓப்பன் யூனிவர்சிட்டில கூட படிச்சுக்கலாம். காலேஜ் ஃபீஸ்தான் ஒரே தடைன்னா, 2024லருந்து நெல்ஃபண்ட்னு வட்டியில்லாத ஸ்டூடன்ட் லோன் இருக்கு, கவர்மென்ட் காலேஜ்ல சீட் கிடைச்சா அப்ளை பண்ணலாம், என்ஒய்எஸ்சி சர்வீஸ் முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் திருப்பிக் கட்டணும். இத டிரைவர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் அவங்க குடும்பமே முடிவு பண்ணட்டும், நீங்க முடிவு பண்ணாதீங்க. கடைன்னு ஆச்சுன்னா எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்ற ஓகாவா பாத்து கேக்கச் சொல்லுங்க, சும்மா பெட்டி தூக்கி விக்கிற கடைய விட அவன் மண்டைக்கு அது வேலை கொடுக்கும்.

கேள்வி: போர்ட் ஹார்கோர்ட்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு, சோஷியாலஜி டிகிரி. ஹில்டா பாச்சி மாதிரி சமையல்ல சாதிக்கணுமாம். இதுக்கா உன்ன படிக்க வச்சேன்னு அம்மா தினமும் சண்டை.

பதில்: ஹில்டா பாச்சியும் சோஷியாலஜிதான் படிச்சாங்க, அத அம்மாவுக்குச் சொல்லுங்க. பொண்ணுக்குச் சொல்ல வேண்டியது வேற. 2023 மே மாசம் லாகோஸ்ல 93 மணி நேரம் 11 நிமிஷம் சமைச்சு கின்னஸ் வாங்கினாங்களே, 100 மணி நேரம் அடுப்புகிட்ட நின்னும் ஓய்வு நேரத்துல நடந்த ஒரு பிசகால கிட்டத்தட்ட ஏழு மணி நேரத்த கழிச்சிட்டாங்க, அப்படியும் ரெக்கார்டு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல ஆளாளுக்கு மாரத்தான் ஆரம்பிச்சாங்க, மசாஜ் மாரத்தான் வரைக்கும் போச்சு. ஒருத்தரும் பாக்காதது, அதுக்கு முன்னாடியே அவங்க சாப்பாட்டுக் கடை நடத்திட்டு இருந்தாங்க, 2021ல ஜோலோஃப் போட்டி ஜெயிச்சாங்க. உங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்ப ஆஃபீஸ் ஆளுங்களுக்கு மதியச் சாப்பாடு பத்து டப்பா, வாரம் அஞ்சு நாள், ரெண்டு மாசம் விடாம கொடுத்துப் பாக்கட்டும். தக்காளி விலை ஏறுற வாரத்துலயும் கொடுக்க முடிஞ்சா கம்பெனிகள பதிவு பண்ற கவர்மென்ட் அமைப்பான சிஏசில பிசினஸ் பேர பதிவு பண்ணலாம். ரெண்டாவது வாரமே அலுத்துப் போச்சுன்னா அவளுக்குப் பிடிச்சது சமையல் இல்ல, கேமராதான், அதுக்கும் வேலை இருக்கு, ஆனா அது வேற வேலை.

கேள்வி: நர்சிங் முடிச்ச தங்கை மாதிரி ஒரு பொண்ணு, உடனே ஜாப்பா (ஊர விட்டு வெளிநாடு போறது), யூகே போறேங்கிறா. உண்மையான ஆசை குழந்தைங்க வார்டுல வேலை பாக்கணும்கிறது.

பதில்: 2024 பிப்ரவரியில அங்க நர்சிங் கவுன்சில் கொண்டு வந்த விதிப்படி வெளிநாட்டுக்கு சர்டிஃபிகேட் சரிபாத்து அனுப்பணும்னா ரெண்டு வருஷ அனுபவம் வேணும், அதனால உடனேங்கிறது எப்படியும் நடக்காது. எப்படியும் இருக்கப் போற அந்த ரெண்டு வருஷத்த ஒரு டீச்சிங் ஹாஸ்பிடல் குழந்தைங்க வார்டுல கழிக்கச் சொல்லுங்க. யூகேவுல கேர் ஒர்க்கர் விசாவுல போறேன்னு மட்டும் ஆரம்பிக்க வேணாம், அது நர்ஸ் வேலை இல்ல, 2024 மார்ச்லருந்தே அதுல குடும்பத்தக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு ஆக்கினாங்க, 2025 ஜூலைலருந்து வெளிநாட்டுலருந்து புதுசா ஆள் எடுக்க அந்த விசாவே கொடுக்குறதில்ல.

கேள்வி: மேடம், ஒட்டாவுல ஃபேக்டரி மேனேஜரா இருக்கேன். என் பெஸ்ட் டெக்னீஷியன், 25 வயசு, சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறான். ரெக்கார்டிங்னு சொல்லி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லீவு கேக்குறான். பாட்டெல்லாம் சோறு போடாதுன்னு புத்தி சொன்னேன், முகத்தத் தூக்கி வச்சுகிட்டான். எப்படி புரிய வைக்கிறது?

பதில்: புரிய வைக்க வேணாம் சார், ஷிஃப்ட்ட மாத்துங்க. அந்த ஊர்ல நல்லா வாசிக்கிற கீபோர்டு பிளேயருக்கு சர்ச்சே மாசச் சம்பளம் கொடுக்கும், கல்யாணம், சாவு, பர்த்டேன்னு சனிக்கிழமை ஆனா தனி காசு, உங்க பையனுக்குப் பாட்டு ஏற்கனவே கொஞ்சம் சோறு போட்டுட்டுத்தான் இருக்கும், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான். அங்க பாதி மியூசிஷியன்ங்க சர்ச் கொயர்ல கத்துகிட்டு வந்தவங்கதான், அது ஏதோ பொழுதுபோக்குன்னு நினைச்சுக்காதீங்க. வியாழன் நைட் ஷிஃப்ட்டும் ஞாயிறு நைட்டும் அவன் எடுத்துக்கிட்டா வெள்ளி ஃப்ரீயா இருக்கும், உங்க மெஷினும் ஓடும். பெஸ்ட் டெக்னீஷியன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அக்பாரா பக்கம் இருக்குற எந்த ஃபேக்டரியும் அவன நாளைக்கே எடுத்துக்கும்.

உங்களுக்கு அவன் மேல அக்கறை இருக்குறதால ஒண்ணு மட்டும் கேட்டு வைங்க, அந்த ரெக்கார்டிங்ல இவனுக்குப் பங்கு எவ்வளவுன்னு எங்கயாவது எழுதியிருக்காங்களா? பீட் போட்டவன், பாடினவன், கீபோர்டு வாசிச்சவன் யாருக்கு எத்தனை சதவீதம்னு பாட்டு வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போடணும், ஹிட் ஆனப்புறம் யாரும் போட மாட்டாங்க. மியூசிக்கல் காப்பிரைட் சொசைட்டி நைஜீரியாவுல பேர பதிவு பண்ணி வைக்கச் சொல்லுங்க, பாட்டுக்கு ராயல்ட்டி வசூல் பண்ணிக் கொடுக்குற அமைப்பு அது. அடுத்த வெள்ளிக்கு முன்னாடி சொன்னீங்கன்னா நல்லது.